கல்வராயன் மலையில் அரை நாள்: மடுவில் குளிக்கப் போகும் கடலோரக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கடலூரிலும் புதுச்சேரியிலும் வளர்ந்தவர்கள் தண்ணீரைக் கண்டால் யோசிக்க மாட்டார்கள். தேவனாம்பட்டினத்து அலையில் புரண்டவர்கள், பம்புசெட்டுத் தொட்டியில் குதித்தவர்கள், கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். மலை மடுவில் ஆளை மாட்டிவிடுவது பெரும்பாலும் இந்தத் தைரியம்தான். கடல் கொந்தளித்தால் கரையிலிருந்தே தெரியும், இறங்க மாட்டோம். பாறைகளுக்கு நடுவே பச்சையாகத் தேங்கி நிற்கிற மடுவில் அப்படி எதுவும் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. கடல் நீரின் அடர்த்தி நல்ல தண்ணீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் அதிகம். கேட்டால் அற்பம்தான். ஆனால் கடலில் கை காலை விரித்து மல்லாந்து மிதப்பவர், மடுவில் காலை ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் மூக்கு மேலே நிற்கும். அருவி விழுகிற இடத்து வெள்ளை நுரை இன்னும் மோசம். அதில் பாதி காற்று, உடம்பைத் தாங்காது. நல்ல நீச்சல்காரரே அங்கே கை போட்டால் பிடிமானம் கிடைக்காமல் திணறுவார்.

அதனால் இந்த வழிகாட்டி ஒரே ஏற்பாட்டைத்தான் சொல்கிறது: உள்ளூர் ஆள் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, காலையில் மலை ஏறி, குளித்துவிட்டு, மதியம் ஒரு மணிக்குள் இறங்குவது. தனியாகப் போய்த் துழாவுவது பற்றி இங்கே எதுவும் இருக்காது.

எந்த மலை

செஞ்சி இன்னும் பக்கம்தான். ஆனால் அது கோட்டைக் குன்று, குளியலுக்கான இடமில்லை. ஓடுகிற தண்ணீர் வேண்டுமென்றால் நமக்குக் கல்வராயன்தான். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. வடக்குப் பகுதி சின்னக் கல்வராயன், சுமார் 2700 அடி உயரம். தெற்கே பெரிய கல்வராயன், சுமார் 4000 அடி. இன்றைக்கு நாம் ஏறுகிற பக்கம் கள்ளக்குறிச்சி மாவட்டம். 1993 வரை அதுவும் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டம்தான். அப்புறம் விழுப்புரம் பிரிந்தது, 2019இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது.

மாவட்டம் பிரிந்தாலும் தண்ணீர் பிரியவில்லை. கோமுகி ஆறும் மணிமுத்தாறும் இந்த மலையில்தான் பிறக்கின்றன. விருத்தாசலம் கோயிலை ஒட்டி ஓடுவது அந்த மணிமுத்தாறு. இரண்டு ஆறுகளும் கடைசியில் வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகின்றன. மேலே நீங்கள் ஷாம்பு போட்டுக் குளித்தால் அது கீழே யாருடைய குடத்துக்குப் போகும் என்பதை நினைவில் வையுங்கள். குற்றாலம் மாதிரி எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய் நிற்கிற பழக்கம் இங்கே வேண்டாம்.

சுற்றுலா வருபவர்கள் அதிகம் கேட்கிற பெயர்கள் பெரியார் அருவி, மேகம் அருவி, கவியம் அருவி. பெரியார் அருவி, மலை மேலுள்ள வெள்ளிமலை என்ற ஊருக்குப் போகிற சாலையை ஒட்டி இருக்கிறது. குடும்பத்தோடு, வயதானவர்களோடு போவதற்கு அதுதான் சரி. விடுமுறை நாளில் கூட்டம் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். மேகம் அருவிக்குக் காட்டுக்குள் நடந்துதான் போக வேண்டும், துணையில்லாமல் போகக் கூடாது. முதல் முறை போகிறவர்களுக்கு என் யோசனை பெரியார் அருவியும், அந்த ஓடையில் வழிகாட்டி காட்டுகிற ஆழம் குறைந்த மடு ஒன்றும். மேகத்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

எப்போது போவது

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். தண்ணீர் ஓடும், கலங்கல் இருக்காது. குளிர் மட்டும் கொஞ்சம் கூடுதல். ஆகஸ்ட், செப்டம்பரிலும் தண்ணீர் இருக்கும். ஆனால் அந்த மாதங்களில் மழை மத்தியானத்துக்கு மேல்தான் கட்டிக்கொண்டு வரும். அரை நாளோடு முடித்துக்கொண்டு இறங்கச் சொல்வதற்கு அதுவே முக்கியக் காரணம். அக்டோபர், நவம்பரில் போகாதீர்கள். கடலில் புயல் சின்னம் என்று செய்தி வந்தால் எந்த மாதமானாலும் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். நம்மூரில் தூறல் போட்டுக்கொண்டிருக்கும்போதே மலையில் கொட்டித் தீர்த்திருக்கும். ஏப்ரல், மே மாதத்தில் வெள்ளிமலைப் பக்கம் கோடை விழா நடக்கும், காற்று நன்றாக இருக்கும், ஆனால் அருவியில் தண்ணீர் நூலாகத்தான் வரும்.

வெள்ளம் வந்தாலோ காட்டுத்தீ பயம் இருந்தாலோ வனத்துறை அருவிக்குப் போக விடாது. முந்தின நாள் வழிகாட்டிக்குப் போன் போட்டு, 'நேற்று யாராவது குளித்தார்களா, தடை ஏதும் உண்டா' என்று நேரடியாகக் கேளுங்கள். தடை என்றால் மலை மேலுள்ள கரியாலூரில் படகுத்துறையும் பூங்காவும் இருக்கின்றன, பிள்ளைகளைச் சமாதானப்படுத்தலாம்.

வழிகாட்டியைப் பிடிப்பது

இந்த மலையில் இருப்பவர்கள் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். பேசுவது தமிழ், கேரளத்தோடு தொடர்பில்லை. 1976 வரை இந்த மலை மூன்று ஜாகீர்தார்களின், அதாவது பரம்பரை நிலக்கிழார்களின், கையில் இருந்தது, அதற்குப் பிறகுதான் அரசு முழுதாக எடுத்துக்கொண்டது. சாமை, மரவள்ளி பயிரிடுவார்கள், கடுக்காய், தேன், புளி சேகரிப்பார்கள். ஓடையில் எந்தப் பாறை எந்த மாதம் வழுக்கும் என்பது அவர்களுக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது.

எனவே கள்ளக்குறிச்சியில் வண்டியோடு சேர்த்துக் கிடைக்கிற 'கைடு' வேண்டாம். அருவிக்குப் பக்கத்து ஊர்க்காரராகப் பாருங்கள். மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலோ வெள்ளிமலையிலோ வனத்துறை அலுவலகத்தில், இல்லாவிட்டால் டீக்கடையில், விசாரித்தால் ஆள் சொல்வார்கள். பேசும்போது மூன்று விஷயம் கேளுங்கள். அவருக்கு நீச்சல் தெரியுமா? (சிரிக்காதீர்கள், வழி மட்டும் தெரிந்தவர்களும் உண்டு.) இந்த வருஷ மழைக்கு அப்புறம் அந்த மடுவில் இறங்கியிருக்கிறாரா? வெள்ளம் ஒவ்வொரு வருஷமும் அடியில் கல்லை உருட்டிப் போட்டு ஆழத்தை மாற்றிவிடும், போன வருஷத்துக் கணக்கு செல்லாது. மூன்றாவது, எத்தனை பேரை அவரால் கவனிக்க முடியும்? ஆறு பேருக்கு ஒருவர் என்றால் நிம்மதி. பத்துப் பேர் போனால் இரண்டு ஆளாகச் சொல்லிவிடுங்கள்.

கூலியைக் கிளம்பும் முன்பே பேசி முடியுங்கள். மழை வந்து பாதியில் திரும்பினாலும் முழுக் கூலி என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். இது தாராள மனசுக்காகச் சொல்வதல்ல. பாதிக் கூலிதான் கிடைக்கும் என்றால் 'போகலாம், ஒண்ணும் ஆகாது' என்று சொல்லத் தோன்றும். திரும்பினாலும் காசு வரும் என்று தெரிந்தவர்தான் வானத்தைப் பார்த்து உள்ளதைச் சொல்வார்.

வழியும் நேரமும்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, அங்கிருந்து சேலம் சாலையில் எலவனாசூர், தியாகதுருகம் தாண்டிக் கள்ளக்குறிச்சி. சுமார் 120 கிலோமீட்டர். கடலூர்க்காரர்கள் பண்ருட்டி போய் மடப்பட்டில் நெடுஞ்சாலையைப் பிடித்து உளுந்தூர்பேட்டை வரலாம். கள்ளக்குறிச்சியிலிருந்து மலையடிவாரமான கச்சிராயபாளையம் இன்னும் ஒரு 15 கிலோமீட்டர், அதற்குப் பக்கத்திலேயே கோமுகி அணை, அப்புறம் மலைச் சாலை.

ஆகவே அரை நாள் என்பது மலையில் கழிக்கிற நேரம் மட்டும்தான், வீட்டிலிருந்து வீட்டுக்கு முழு நாள் பிடிக்கும். காலை நாலரைக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குக் கள்ளக்குறிச்சி, டிபன் முடித்து எட்டு மணிக்குக் கச்சிராயபாளையம், ஒன்பதரைக்குத் தண்ணீர்க் கரை. பன்னிரண்டுக்குக் கரையேறினால் ஒரு மணிக்கு இறங்க ஆரம்பிக்கலாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் முந்தின நாள் ராத்திரியே கள்ளக்குறிச்சியில் லாட்ஜ் எடுத்துத் தங்கிவிடுவது நல்லது. தூக்கமில்லாமல் மலை ஏறுகிற டிரைவரைவிட லாட்ஜ் வாடகை மலிவு.

பஸ்ஸில் போகிறவர்களுக்குப் புதுச்சேரியிலிருந்து சேலம் போகிற வண்டிகள் கள்ளக்குறிச்சி வழியாகத்தான் போகும். அங்கிருந்து வெள்ளிமலைக்குப் பஸ் உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு. திரும்பி வருகிற பஸ் நேரத்தைக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

பெட்ரோலைப் புதுச்சேரியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், விலையும் குறைவு, மலையில் தேடவும் வேண்டாம். பாட்டிலை மட்டும் நிரப்பாதீர்கள். புதுச்சேரிச் சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோவது குற்றம், எல்லையில் சோதனைச் சாவடி இருப்பது உங்களுக்கே தெரியும். சட்டத்தை விட்டாலும், குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறவரை எந்த வழிகாட்டியாலும் காப்பாற்ற முடியாது. குழுவில் ஒருவர் குடித்திருந்தால் அவர் கரையிலேயே உட்கார வேண்டும், அது மாமாவாக இருந்தாலும் சரி.

பையில் என்ன இருக்க வேண்டும்

ரப்பர் செருப்பு வேண்டாம். பாறையில் அது பனிச்சறுக்குதான். பின்பக்கம் பட்டை உள்ள சாண்டலோ பழைய கேன்வாஸ் ஷூவோ எடுத்துக்கொள்ளுங்கள், நனைந்தால் நனையட்டும். ஆண்களுக்கு அரைக்கால் சட்டை, பனியன் போதும். பெண்களுக்கு உடம்போடு ஒட்டிய பேண்டும் டீ ஷர்ட்டும் நல்லது, சுடிதார் என்றால் துப்பட்டாவைக் கரையில் வைத்துவிட வேண்டும். புடவையும் நைட்டியும் தண்ணீரில் காலைச் சுற்றும், கல்லிடுக்கில் மாட்டும். புடவையோடு வருகிற அத்தையும் பெரியம்மாவும் முழங்கால் ஆழத்தில் உட்கார்ந்து குளிக்கட்டும், அதிலும் சுகம் உண்டு.

நீச்சல் தெரியாத ஒவ்வொருவருக்கும் ஒரு மிதவை உடுப்பு வேண்டும். வாடகைக்குக் கிடைக்குமென்று நம்பி ஏறாதீர்கள். காற்றடைத்த பொம்மை டியூப் அதற்கு மாற்றாகாது, கல் குத்தினால் போச்சு. கூடவே பதினைந்து மீட்டர் நைலான் கயிறும், மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் காலிக் கேன் ஒன்றும். கயிற்றைக் கேனின் கைப்பிடியில் கட்டிவிட்டால் தூக்கி எறிகிற மிதவை தயார். எறியும்போது தூரம் போக, கேனில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் வழக்கமானவை: துண்டு, மாற்றுத்துணி, குடிநீர், சில்லறைப் பணம், கட்டுத்துணி, டிஞ்சர், குப்பைக்கு ஒரு பை. மலையில் பல இடங்களில் செல்போன் எடுக்காது, பணம் அனுப்புகிற செயலியை நம்ப வேண்டாம். சென்ட் அடித்துக்கொள்ளாதீர்கள். பாறை விளிம்புகளில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கும், வாசனையும் புகையும் அவற்றைக் கிளப்பிவிடும். அதனால் அங்கே சிகரெட்டும் இல்லை, சமையலும் இல்லை. சாப்பாட்டுக்கு வீட்டுப் புளியோதரையைவிட நல்லது எதுவும் இல்லை. குளிப்பதற்கு முன் இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், புளியோதரை கரையேறிய பிறகு.

மடுக்கரையில்

வந்ததும் யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. பையை வைக்கிற இடம்தான் முதல் வேலை. ஓடையின் எந்தக் கரையில் திரும்பிப் போகிற பாதை இருக்கிறதோ அந்தக் கரையில், தண்ணீர்க் கோட்டிலிருந்து ஆளுயரத்துக்கு மேல் வையுங்கள். எதிர்க்கரைப் பாறை அழகாக இருக்கிறதென்று அங்கே போய் உட்காராதீர்கள். தண்ணீர் திடீரென்று ஏறினால் அந்தப் பக்கம் இருப்பவர் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

இப்போது வழிகாட்டியைப் பாருங்கள். விவரமான ஆள் என்றால் அவர் உடனே குதிக்க மாட்டார். பக்கத்துச் செடியில் ஒரு இலையைக் கிள்ளி அருவிக்குப் பக்கத்தில் போடுவார். இலை நேராக மடுவின் வாய்க்குப் போய் வெளியேறினால் சரி. கொஞ்ச தூரம் வந்துவிட்டு மறுபடியும் அருவியை நோக்கியே திரும்பிப் போனால், மேல் தண்ணீர் உள்ளே இழுக்கிறது என்று அர்த்தம். விழுகிற தண்ணீர் அடியில் போய், மேலே கிளம்பி, மறுபடி அருவிக்கே வரும். அதில் சிக்கினால் வெளியே நீந்த நீந்த ஆள் உள்ளேதான் போவார். இலை எந்த இடத்தில் திரும்புகிறதோ அதுதான் அன்றைக்கு எல்லை. அந்த இடத்துக்கு நேரே கரையில் ஒரு துண்டை விரித்துவிடுங்கள், பிள்ளைகளுக்கும் புரியும்.

அடுத்து ஆழம். நீளமான கொம்பை எடுத்து வழிகாட்டி ஓரமாகக் குத்திக்கொண்டே உள்ளே போவார். தெளிந்த தண்ணீரில் அடி தெரியும், ஆனால் தெரிகிற ஆழத்தை நம்பக் கூடாது. ஒளி வளைவதால் உண்மையான ஆழத்தில் முக்கால் பங்குதான் கண்ணுக்குத் தெரியும். மூன்றடி என்று தோன்றுவது நாலடி. ஏழாவது படிக்கிற பையனுக்கு அந்த ஓரடி போதும்.

பாறையில் நடப்பதற்கு ஒரு கண் வேண்டும். காய்ந்த வெளிர்ச் சாம்பல் நிறப் பாறை காலைப் பிடிக்கும். தண்ணீர்க் கோட்டுக்கு ஒரு சாண் மேலும் கீழும் கறுப்பாக ஒரு பட்டை ஓடும், கறுப்புச் சாயம் அடித்த மாதிரி. நகத்தால் கீறினால் வழவழவென்று பச்சையாக வரும். அத்தனையும் பாசி. மடுவில் அடிபடுகிறவர்கள் பலர் நீந்தும்போது அடிபடுவதில்லை, அந்த ஒரு சாணைத் தாண்டும்போதுதான் விழுகிறார்கள். நின்றுகொண்டு தாண்டாதீர்கள். உட்கார்ந்து, இரண்டு கையும் பாறையில் ஊன்றி, சறுக்கி இறங்குங்கள். பார்க்க அழகாக இருக்காது, மண்டை உடையாது.

இறங்கியதும் உடனே முழுக வேண்டாம். முகத்திலும் நெஞ்சிலும் தண்ணீரை அள்ளித் தெளித்து, இடுப்பளவில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். குளிர்ந்த தண்ணீர் திடீரென்று பட்டால் மூச்சு தானாக உள்ளே இழுக்கும், அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து. இருதய நோயும் ரத்தக்கொதிப்பும் உள்ளவர்கள் இதில் அவசரப்படவே கூடாது.

குதிப்பது பற்றி நிறைய வாக்குவாதம் வரும். பாறை மேலிருந்து தலைகீழாகப் பாய்வது யாருக்கும், எந்த மடுவிலும் வேண்டாம். அடியில் உள்ள ஒரு கல் கழுத்தெலும்பை முறித்தால் ஆயுசுக்கும் படுக்கைதான். காலை நீட்டிக் குதிப்பதும் வழிகாட்டி அன்று காலை அந்த இடத்தில் முழுகிப் பார்த்திருந்தால் மட்டும். ரீல்ஸ் எடுக்க வந்திருக்கும் தம்பிகள் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

இரண்டு இரண்டு பேராக ஜோடி சேர்த்துவிடுங்கள், ஒருவர் இன்னொருவருக்குப் பொறுப்பு. கரையில் ஒருவர் எப்போதும் கயிறும் கேனுமாக இருக்க வேண்டும், அவர் கையில் போன் இருக்கக் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். குளிரில் பிள்ளைகளின் உதடு நீலம் பாரித்தால், அவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் மேலே ஏற்றி வெயிலில் உட்கார வையுங்கள்.

தண்ணீர் மாறும்போது

மேலே மழை பெய்தால் கீழே தெரிய நேரமாகும். முதலில் நிறம் மாறும், தெளிவாக இருந்த தண்ணீர் டீ நிறத்துக்குப் போகும். சருகும் சுள்ளியும் வரத் தொடங்கும். அருவியின் சத்தம் கனக்கும். இதில் ஒன்று தெரிந்தாலே போதும், எல்லாரும் கரையேற வேண்டும். செருப்பு, செல்போன், பக்கெட் எதற்கும் திரும்பிப் போகக் கூடாது. வழிகாட்டி 'ஏறுங்க' என்று சொன்ன பிறகு காரணம் கேட்க வேண்டாம், மேலே வந்து கேட்டுக்கொள்ளலாம்.

யாராவது மூழ்கினால் உதவிக்குக் குதிக்காதீர்கள். கேனை எறியுங்கள், எட்டுகிற தூரமென்றால் கொம்பையோ வேட்டியையோ நீட்டுங்கள். மூழ்குகிறவர் கட்டிப்பிடித்தால் இரண்டு பேரும் போவார்கள். வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நம்மூரில் இன்னும் நடக்கிறது, இரண்டுமே தவறு. மூச்சு இல்லையென்றால் மல்லாத்திப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுப்பதில் தொடங்குங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று நிறுத்தாமல் தொடருங்கள். ஒருவர் சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு ஓடி 108ஐக் கூப்பிடட்டும். பிழைத்து எழுந்து 'ஒண்ணுமில்லை' என்று சொன்னாலும், இருமல் இருந்தால் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணற வைக்கும்.

இறங்குவதும் அதன் பிறகும்

துணி மாற்றி, சாப்பிட்டு, குப்பையைப் பையில் கட்டிக்கொண்டு கிளம்புங்கள். வழிகாட்டி வீட்டுத் தேனோ சாமையோ விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள், நம் கடையில் கிடைப்பதைவிட நன்றாகவே இருக்கும். மலைச் சாலையில் ஏறிய அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் வந்தவர்கள் இரண்டு இடத்திலாவது நிறுத்தி ஆறவிட வேண்டும். வளைவுகளில் ஹாரன் அடியுங்கள், மேலே ஏறுகிற பஸ்ஸுக்கு வழி விடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியை உதறிச் சோப்புப் போட்டுத் துவைத்து, சோப்புத் தேய்த்து ஒருமுறை குளியுங்கள். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று அடுத்த இரண்டு மூன்று வாரம் கவனியுங்கள். புதரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருகிற உண்ணிக் காய்ச்சலுக்கு அது அடையாளம். காலில் சிராய்ப்போடு ஓடைத் தண்ணீரில் நின்றவர்களுக்கு எலிக்காய்ச்சலும் வரலாம், பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரத்தில் தெரியும். அந்த நாட்களில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று ஏதாவது வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். இன்ன தேதியில் மலைக்குப் போய் ஓடையில் குளித்தேன் என்று நீங்களாகவே சொல்லுங்கள், கடலூர்க்காரருக்கு மலைக் காய்ச்சல் வந்திருக்கும் என்று அவர் யூகிக்க மாட்டார்.